கழுத்து நெறிக்குப் பரவியிருக்குமா? புரதக் குறிகாட்டிகள் சொல்வதும் சொல்லாததும்

"மார்க்கர் கூடியிருக்காம். அப்ப பரவிட்டுதுதானே?"

புற்றுநோய் வந்த வீடுகளில் இந்தக் கேள்வி வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் அங்கிருந்து டொரொண்டோவுக்கும் தொலைபேசியில் போகும். திரும்பி வரும்போது "கடைசிக் கட்டமாம்" என்று ஆகியிருக்கும். இன்னொரு பக்கம், "மார்க்கர் நோர்மல், பயப்பட ஒன்றுமில்லை" என்று சத்திரசிகிச்சைத் திகதியைத் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். முதலாமவர் வீணாகப் பயப்படுகிறார், இரண்டாமவர் ஆபத்தான நிம்மதியில் இருக்கிறார். வெவ்வேறு வேலைக்கான பல பரிசோதனைகளை 'மார்க்கர்' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கலக்கியதுதான் இரண்டு பேருக்கும் வந்த வினை.

அந்தப் பைக்குள் இருந்து ஒன்றை மட்டும் இங்கே எடுத்துப் பார்க்கலாம். புற்றுநோய்க் கட்டியில் இருக்கும் புரதங்களைப் பார்த்து, அந்த நோய் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? உதாரணத்துக்கு வாய்ப்புற்றுநோயை எடுத்துக்கொள்கிறேன். இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் அதுதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை என்ற மூன்றும் நம் வீடுகளுக்குப் புதியவை இல்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. அதோடு, கணுக்களுக்குப் போயிருக்கிறதா என்ற கேள்வி சத்திரசிகிச்சையின் அளவையே மாற்றிவிடுவதும் இந்த நோயில்தான் நன்றாகத் தெரியும்.

நெறி என்பது என்ன?

தொண்டை புண்ணாகிக் காய்ச்சல் அடித்தால் தாடைக்குக் கீழே உருண்டையாகத் தடிக்கும். "நெறி கட்டியிருக்கு" என்போம். அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிற்றின் உட்பகுதி என்று உடலில் சுமார் 600 கணுக்கள் உண்டு. சாதாரண நிலையில் பெரும்பாலானவை அவரைவிதை அளவைக்கூட எட்டாது.

குருதி மிக நுண்ணிய குழாய்கள் வழியே ஓடும்போது அதிலுள்ள நீர் கொஞ்சம் வெளியே கசியும். கசிந்ததில் பெரும்பகுதி குருதிக்குத் திரும்பிவிடும். மிச்சம் ஒரு நாளைக்குச் சில லீற்றர் அளவில் கலங்களுக்கு இடையே தங்குகிறது. அதை வாரிக்கொண்டு வருவதற்குத் தனிக் குழாய் வலையமைப்பு இருக்கிறது. அந்தக் குழாய்களில் ஓடும் நீர்தான் நிணநீர். அது கணுக்களினூடாக வடிந்து, கடைசியில் கழுத்தின் அடியில் உள்ள பெரிய நாளத்தில் கலந்து குருதிக்குப் போய்விடுகிறது.

வெள்ளவத்தைக் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். அடைமழையில் ஒழுங்கைகளில் வடியும் தண்ணீர் சின்னச் சின்னக் கான்களில் விழுந்து, கால்வாயில் சேர்ந்து, கடலுக்குப் போகிறது. வழியில் கம்பி வலை போட்டிருந்தால் குப்பை அங்கே தங்கும். எந்த ஒழுங்கையின் குப்பை எந்த வலைக்கு முதலில் வரும் என்பதும் தண்ணீர் ஓடும் பாதையை வைத்து ஓரளவு தெரியும். நிணநீர்க் கணுக்கள் அந்த வலைகள். நாக்கின் ஓரத்தில் இருந்து வடிவது பெரும்பாலும் கழுத்தின் மேற்பகுதிக் கணுக்களுக்கும், மார்பகத்தில் இருந்து வடிவது பெரும்பாலும் அக்குள் கணுக்களுக்கும் முதலில் வந்து சேரும்.

ஒப்புமை இந்த இடத்தோடு நிற்கட்டும். வலையில் சிக்கிய பிளாஸ்டிக் போத்தல் குட்டி போடாது. கணுவில் சிக்கிய புற்றுநோய்க் கலம் அங்கேயே பெருகக்கூடியது. அது தண்ணீரோடு சும்மா அடித்துச் செல்லப்படுவதும் இல்லை. புறப்படுவதற்கும் வழி கண்டுபிடிப்பதற்கும் அது சில வேலைகளைச் செய்தாக வேண்டும். பின்னால் வரப்போகும் புரதங்கள் எல்லாம் அந்த வேலைகளோடு சம்பந்தப்பட்டவை.

முன்கூட்டித் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஒருவருக்கு நாக்கின் ஓரத்தில் 2 சென்ரிமீற்றர் அளவில் புண். பயொப்சியில், அதாவது சின்னத் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்ததில், புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. கழுத்தைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஸ்கேனிலும் கணுக்கள் சாதாரணமாகவே தெரிகின்றன. அப்படியானால் கழுத்து சுத்தமா?

அப்படி அடித்துச் சொல்ல முடியாது. கணுவுக்குள் 2 மில்லிமீற்றருக்கும் குறைவான புற்றுநோய்ப் புள்ளி இருந்தால் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் தெரியாது. கழுத்து சுத்தம் என்று தோன்றுகிற ஆரம்ப நிலை வாய்ப்புற்றுநோயாளர்களில், ஆய்வுகளைப் பொறுத்து, 100 பேரில் சுமார் 20 முதல் 30 பேருக்கு உள்ளே ஒளிந்த பரவல் இருக்கிறது. யார் அந்த 20, 30 பேர் என்பதுதான் பிரச்சினை.

எல்லோருக்கும் கழுத்துக் கணுக்களை எடுத்துவிட்டால் 70, 80 பேர் தேவையில்லாத சத்திரசிகிச்சைக்கு உள்ளாவார்கள். கழுத்தில் தழும்பு, மரமரப்பு, சிலருக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாத தோள்வலி என்று அதற்கு ஒரு விலை இருக்கிறது. யாருக்கும் எடுக்காமல், நெறி வெளியே தெரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஒளிந்திருந்த நோய் பெருத்து வந்து நிற்கும்.

மும்பை டாடா மெமோரியல் வைத்தியசாலை இதைப் பரீட்சித்துப் பார்த்தது. ஆரம்ப நிலை வாய்ப்புற்றுநோயாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதல் சத்திரசிகிச்சையிலேயே கழுத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு நோய் கழுத்தில் வெளிப்பட்டால் மட்டும் எடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. மூன்று ஆண்டுகளின் பின் உயிரோடு இருந்தவர்கள் முதல் குழுவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5 சதவீதம். நம் பகுதியில், நம்மைப் போல வெற்றிலையும் புகையிலையும் போடும் மக்களிடம் செய்த ஆய்வு என்பதால் இந்த எண்களுக்குக் கொழும்பில் தனிப் பெறுமதி உண்டு. "கழுத்தில் ஒன்றுமே இல்லையே, ஏன் டொக்டர் அங்கேயும் வெட்டப்போறீங்கள்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இந்த ஆய்வில்தான் இருக்கிறது.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. கட்டியில் இருந்து வடியும் நிணநீர் முதலில் சேரும் கணுவைக் காவல் கணு என்கிறார்கள். கட்டியைச் சுற்றி நீலச் சாயமோ சிறிதளவு கதிரியக்கப் பொருளோ செலுத்தி, அது போய்ச் சேரும் கணுவைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்ப்பது. டொனால்ட் மோர்டன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணரின் குழு 1992இல் தோல் புற்றுநோய் ஒன்றுக்கு இந்த முறையை விவரித்தது. இன்று மார்பகப் புற்றுநோயில் இது உலகெங்கும் வழக்கம். அக்குள் முழுவதையும் வழித்தெடுத்துக் கை வீங்கிப்போன பெண்களின் எண்ணிக்கை குறைந்ததற்குப் பெரிய காரணமும் இதுதான். ஆனாலும் இதற்கும் சத்திரசிகிச்சை அறையும், உபகரணமும், பழகிய கையும் வேண்டும்.

ஆக, கேட்கப்படுவது இவ்வளவுதான்: பயொப்சிக்காக ஏற்கெனவே எடுத்த அந்தச் சின்னத் துண்டை வைத்தோ, கொஞ்சம் உமிழ்நீரை வைத்தோ, கழுத்தைத் தொடாமலே, ஒளிந்த பரவல் இருக்கக்கூடியவரைப் பிரித்தறிய முடியுமா?

மார்க்கர் ஒன்றல்ல

உடலின் நிலையைப் பற்றி ஏதாவது சொல்லும், அளக்கக்கூடிய எந்தப் பொருளையும் பயோமார்க்கர் என்கிறார்கள். தமிழில் குறிகாட்டி எனலாம். நீரிழிவுக்காரரின் குருதிச் சீனியும் ஒரு குறிகாட்டிதான். புற்றுநோயில் குறிகாட்டிகளிடம் மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்கப்படுகின்றன. நோய் இருக்கிறதா, அல்லது சிகிச்சைக்குப் பின் திரும்பியிருக்கிறதா என்பது ஒன்று. இந்த மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்பது இன்னொன்று. இந்தக் கட்டி இனி எப்படி நடந்துகொள்ளும் என்பது மூன்றாவது.

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் வரும் ஹெர்2 என்ற புரதம் முக்கியமாக இரண்டாவது கேள்விக்கானது. "ஹெர்2 பொசிட்டிவ்" என்று கண்டதும் பரவிவிட்டது என்று அழுதவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதன் அர்த்தம், கலங்களின் மேற்பரப்பில் அந்தப் புரதம் மிகையாக இருக்கிறது, அதைக் குறிவைக்கும் மருந்து கொடுக்கலாம் என்பதே. கணுவைப் பற்றி அது தீர்ப்புச் சொல்வதில்லை.

தனியார் ஆய்வுகூடங்களில் 'கான்சர் மார்க்கர்' என்று குருதியில் பார்ப்பவை பெரும்பாலும் முதல் கேள்விக்கானவை. அதிலும் சிகிச்சை எப்படிப் போகிறது என்று கண்காணிக்கத்தான் அவை அதிகம் உதவும். அவற்றில் ஒன்றான சீஈஏ புகைபிடிப்பவர்களிடம் சும்மாவே கூடியிருக்கலாம். இன்னொன்றான சீஏ-125 மாதவிடாய்க் காலத்தில்கூட ஏறும். வாய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களோடு தொடர்புபடுத்தப்படும் எஸ்சீசீ என்ற குறிகாட்டி தோல் நோயாலும் சிறுநீரகக் கோளாறாலும் உயரக்கூடும். இவற்றின் எண் கூடியது என்பதை வைத்துக் கழுத்து நெறிக்குப் போய்விட்டது என்று முடிவெடுக்க வழியே இல்லை.

இந்தக் கட்டுரையின் கேள்வி மூன்றாவது வகை. வீட்டுக்குத் தொலைபேசியில் வரும் 'மார்க்கர்' பெரும்பாலும் முதல் வகை. முழுக் குழப்பமும் இந்த இடைவெளியில்தான்.

ஏன் புரதத்தைப் பார்க்கிறார்கள்?

மரபணுக்கள் பற்றித்தான் எங்கும் பேச்சு. பிறகு ஏன் புரதம்? நாக்கின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுக்கள்தான். அவற்றுள் எது எந்தக் கலத்தில் எந்த அளவுக்குப் புரதமாகிறது என்பதில்தான் வித்தியாசம். ஒட்டுவது, கரைப்பது, நகர்வது, சமிக்ஞை அனுப்புவது என்று கலத்தில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது புரதம். ஒரு கலம் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் புரதங்களைப் பார்ப்பதே நேரான வழி.

கலம் எப்படிப் புறப்படுகிறது?

வாயின் உட்தோலில் கலங்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கின்றன. அந்த ஒட்டுக்கு ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் பொறுப்பு. பக்கத்துப் பக்கத்துக் கலங்களின் மேற்பரப்பில் இருந்து நீளும் இந்தப் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கட்டியின் கலங்களில் ஈ-கேட்ஹெரின் குறைந்தால் பிடி தளரும். அதே நேரத்தில் விமென்டின் என்ற வேறொரு புரதம் தலைகாட்டினால், அந்தக் கலம் அசையாமல் இருக்கும் தோல் கலத்தின் குணத்தை விட்டு, நகரும் கலத்தின் குணத்துக்கு மாறத் தொடங்கியிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பிடி தளர்ந்தால் மட்டும் போதாது. உட்தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய, உறுதியான சவ்வு இருக்கிறது. அதற்கும் கீழே நார்ப்பொருள். இவற்றைக் கரைத்து வழி செய்ய எம்எம்பி எனப்படும் நொதிகள் வேண்டும். இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் புரதங்களை நொதி என்கிறோம். எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற இரண்டும் அந்தச் சவ்வில் உள்ள கொலாஜனைச் சிதைக்கக்கூடியவை. இவற்றைப் புற்றுநோய்க் கலங்கள் மட்டும் சுரப்பதில்லை. சுற்றியிருக்கும் சாதாரணக் கலங்களும் கட்டியின் தூண்டுதலால் சுரந்து கொடுக்கின்றன. நம் உடலே கதவைத் திறந்துவிடுகிறது என்பது கொஞ்சம் எரிச்சலான விஷயம்தான்.

அடுத்தது குழாய். விஈஜிஎஃப்-சீ என்ற புரதம் நிணநீர்க் குழாய்களை வளரச் செய்யும் சமிக்ஞை. குழாய்ச் சுவரின் கலங்களில் இருக்கும் விஈஜிஎஃப்ஆர்-3 என்ற வாங்கியில் அது போய் ஒட்டும். (வாங்கி என்பது வெளியில் இருந்து வரும் சமிக்ஞையைப் பிடித்து உள்ளே கடத்தும் புரதம்.) ஒட்டியதும் புதுக் கிளைகள் முளைக்கும், இருக்கும் குழாய் அகலும். இந்தப் புரதத்தை மிகையாகச் சுரக்கும் மார்பகக் கட்டிகளை எலிகளில் வளர்த்தபோது கணுக்களுக்குப் பரவல் கூடியதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டிக்குள்ளும் சுற்றிலும் எத்தனை நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன என்று எண்ணுவதற்குப் பொடோபிளானின் என்ற இன்னொரு புரதம் உதவுகிறது. நிணநீர்க் குழாய்ச் சுவரில் அது இருக்கும், குருதிக் குழாய்ச் சுவரில் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. நோய்க்கிருமி நுழைந்தால் அதன் துணுக்கை ஏந்திக்கொண்டு கணுவுக்கு ஓடிப்போய்ச் செய்தி சொல்லும் ஒருவகைப் பாதுகாப்புக் கலங்கள் நம்மிடம் உண்டு. அவற்றுக்கு வழி எப்படித் தெரியும்? நிணநீர்க் குழாயும் கணுவும் சீசீஎல்21 என்ற பொருளைச் சுரக்கின்றன. பாதுகாப்புக் கலத்தின் மேற்பரப்பில் சீசீஆர்7 என்ற வாங்கி இருக்கிறது. அந்தப் பொருள் அடர்த்தியாக உள்ள திசையை நோக்கிக் கலம் நகரும். சில புற்றுநோய்க் கலங்கள் இதே சீசீஆர்7ஐத் தாங்களும் உருவாக்கிக்கொள்கின்றன. காவலர்களுக்காகப் போட்ட பாதையிலேயே கணுவுக்குப் போய்ச் சேருகின்றன. மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் இந்த வாங்கி மிகையாக இருப்பதையும் 2001இல்தான் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதன் பிறகு வாய்ப்புற்றுநோய் உட்பட வேறு பலவற்றிலும் இதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

சுருக்கமாக, ஒட்டு விடுவது, சவ்வைக் கரைப்பது, குழாயை வரவழைப்பது, வழி கண்டுபிடிப்பது என்று நான்கு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் சில புரதங்கள். இந்தப் புரதங்கள் கட்டியில் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தால், பயணத்துக்கு அது எந்த அளவு தயாராகியிருக்கிறது என்று ஊகிக்கலாம். தயாராகியிருக்கிறது என்பதும் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதும் ஒன்றில்லை. புறப்படும் கலங்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகின்றன.

எப்படி அளக்கிறார்கள்?

பயொப்சித் துண்டை மெழுகில் பதித்து வைப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியில் இருந்து ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் ஒரு பங்கைவிட மெல்லிய சீவலை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு மட்டும் ஒட்டும் பிறபொருளெதிரியை ஊற்றுவார்கள். (பிறபொருளெதிரி என்பது அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதம். இங்கே அதை ஆய்வுகூடக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்.) அது ஒட்டிய இடம் பெரும்பாலும் கபில நிறமாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவார்கள். நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்த்து, எத்தனை சதவீதக் கலங்கள் நிறம் பிடித்திருக்கின்றன, எவ்வளவு கடுமையாக என்று புள்ளி கொடுப்பார். மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 பார்ப்பதும் இந்த முறையில்தான்.

மற்ற முறை திணிவு நிறமாலையியல். புரதங்களைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றின் நிறையைத் துல்லியமாக அளந்து, எந்தப் புரதம் எவ்வளவு என்று கண்டறிவது. ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் அகப்படும். எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது இதன் பலம். அதுவே இதன் பலவீனமும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

'80 சதவீதம் சரி' என்றால் என்ன?

பத்திரிகையில் "புதிய பரிசோதனை 80 சதவீதம் துல்லியமாகச் சொல்கிறது" என்று வரும். படித்துவிட்டு, பரிசோதனையில் பரவல் என்று வந்தால் 80 சதவீதம் பரவியிருக்கும் என்று எடுத்துக்கொள்வோம். அங்கேதான் சறுக்கல். ஒரு தாளும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நானே சில எண்களை வைக்கிறேன்.

கழுத்து சுத்தமாகத் தோன்றும் 100 வாய்ப்புற்றுநோயாளர்கள். அவர்களில் 25 பேருக்கு ஒளிந்த பரவல் இருக்கிறது, 75 பேருக்கு இல்லை. பரவல் உள்ளவர்களில் 80 சதவீதத்தினரைப் பரிசோதனை சரியாகப் பிடிக்கும். இதை உணர்திறன் என்பார்கள். பரவல் இல்லாதவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாக 'இல்லை' என்று விடும். இது தனித்தன்மை.

25 பேரில் 20 பேர் பிடிபடுவார்கள், 5 பேர் தப்பிவிடுவார்கள். 75 பேரில் 60 பேருக்கு 'இல்லை' என்று சரியாக வரும், 15 பேருக்கு 'உண்டு' என்று பிழையாக வரும். சரி, இப்போது 'உண்டு' என்று ரிப்போர்ட் வாங்கியவர்கள் மொத்தம் எத்தனை பேர்? 35. அவர்களில் உண்மையாகவே பரவல் உள்ளவர்கள் 20. அதாவது 57 சதவீதம். பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 'இல்லை' என்று வாங்கியவர்கள் 65 பேர். அவர்களில் 5 பேருக்கு இருக்கிறது. கிட்டத்தட்ட 8 சதவீதம்.

பரிசோதனைக்கு முன் எல்லோருக்கும் ஆபத்து 25 சதவீதம். பரிசோதனைக்குப் பின் ஒரு கூட்டத்துக்கு 57, இன்னொரு கூட்டத்துக்கு 8. இது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நல்ல பயன்தான். ஒளிந்த பரவலின் ஆபத்து 20 சதவீதத்தைத் தாண்டினால் கழுத்தையும் சேர்த்துச் செய்யலாம் என்ற ஒரு பழைய அளவுகோல் தலை, கழுத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் உண்டு. அதன்படி, 8 சதவீதக் கூட்டத்தில் உள்ளவரிடம் "கழுத்தை இப்போதைக்கு விட்டுவைத்து, அடிக்கடி வந்து பார்ப்போம்" என்று பேச இடமுண்டு. ஆனால் அந்த 65 பேரில் தப்பிப்போன ஐந்து பேரை மறக்கக்கூடாது. டாடா ஆய்வின் 67.5 சதவீதம் நினைவிருக்கட்டும்.

இன்னொரு விஷயம். அதே பரிசோதனையை, பரவல் 100இல் 5 பேருக்கே இருக்கும் மிக மெல்லிய கட்டிகளில் செய்தால் என்ன ஆகும்? 5இல் 4 பேர் பிடிபடுவார்கள். 95இல் 19 பேருக்குப் பிழையாக 'உண்டு' என்று வரும். 'உண்டு' என்று வந்த 23 பேரில் 4 பேருக்கு மட்டுமே உண்மையில் இருக்கும், அதாவது 17 சதவீதம். பரிசோதனை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். ஆகவே ஒரு குறிகாட்டி எவ்வளவு நல்லது என்று கேட்பவர், யாரிடம் பயன்படுத்தினால் என்றும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கிளினிக்கில் இல்லை?

வாய்ப்புற்றுநோயில் கழுத்தைச் செய்வதா விடுவதா என்பதை ஒரு புரதத்தை மட்டும் வைத்து இன்று தீர்மானிப்பதில்லை. அதற்குக் காரணங்கள் பல. எனக்குப் பெரிதாகத் தெரிவது, மேலே திணிவு நிறமாலையியலில் தொட்ட பலவீனம்.

2000 புரதங்களை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நோயாளர்கள் 40 பேர். ஒவ்வொரு புரதத்துக்கும் "பரவியவர்களிடமும் பரவாதவர்களிடமும் வேறுபடுகிறதா" என்று கேட்கிறோம். வழக்கமான அளவுகோல், தற்செயலாக அப்படித் தெரிய 100இல் 5 வாய்ப்பு இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால், உண்மையில் ஒன்றுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் சுமார் 100 புரதங்கள் வெறும் தற்செயலால் 'வேறுபடுகின்றன' என்று வந்து நிற்கும். இதைத் திருத்தும் கணித முறைகள் இருக்கின்றன. ஆனாலும் முடிவை நம்ப வேண்டுமானால், முதல் ஆய்வில் இல்லாத புதிய ஆட்களிடம், வேறொரு வைத்தியசாலையில், முன்பே எழுதிவைத்த வெட்டுப்புள்ளியோடு (எந்த அளவைத் தாண்டினால் 'உண்டு' என்று கொள்வது என்ற எல்லையோடு) மறுபடி சோதிக்க வேண்டும். நிறையக் குறிகாட்டிகள் இந்த இரண்டாம் படியில்தான் காணாமல் போகின்றன. இப்படிப்பட்ட ஆய்வுகளை எப்படி ஒளிக்காமல் அறிக்கையிடுவது என்று 2005இலேயே ரிமார்க் என்ற வழிகாட்டி வர வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, கட்டி எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நடுவில் ஈ-கேட்ஹெரின் நிறைந்திருக்கும், ஆழத்தில் சதைக்குள் ஊடுருவும் முனையில் குறைந்திருக்கும். பயொப்சி ஊசியோ கத்தியோ எந்த மூலையைத் தொட்டதோ, அதன் பதில்தான் கிடைக்கும். 2018இல் பிரேசில் ஆய்வாளர்கள் இந்த ஊடுருவும் முனையைத் தனியாக வெட்டியெடுத்து அதன் புரதங்களை அளந்தார்கள். அவற்றுள் சிலவற்றை உமிழ்நீரிலும் தேடி, கணுப் பரவலோடு தொடர்பு இருப்பதாகக் காட்டினார்கள். உமிழ்நீர் என்பது கவர்ச்சியான யோசனை. ஊசி இல்லை, வலி இல்லை. அது வழக்கமான பரிசோதனையாக வர இன்னும் தூரம் இருக்கிறது.

புரதங்களும் சொன்னபடி கேட்பதில்லை. ஈ-கேட்ஹெரினை விடாமலே கூட்டமாக நகர்ந்து பரவும் கலங்கள் உண்டு. கணுவுக்குப் போனபின் மறுபடி அதை உருவாக்கிக்கொள்ளும் கலங்களும் உண்டு. பி16 என்ற புரதம் இதைவிட விசித்திரம். தொண்டையின் பின்பகுதியில், எச்பிவி வைரசால் வரும் புற்றுநோயில் பி16 நிறைந்திருக்கும். அந்த வகை வெகு சீக்கிரமே கழுத்துக் கணுக்களுக்குப் போகிறது. ஆனாலும் சிகிச்சைக்குப் பின் அவர்கள் பி16 இல்லாதவர்களைவிட நன்றாகவே இருக்கிறார்கள். கணுவுக்குப் போவதும் ஆயுள் குறைவதும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல மாற்று உதாரணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புரதங்களுக்கு ஒரு மலிவான போட்டியாளர் இருக்கிறார்: அளவுகோல். கட்டி மேற்பரப்பில் இருந்து எத்தனை மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதை ஊடுருவல் ஆழம் என்பார்கள். ஆழம் கூடக் கூட ஒளிந்த பரவலின் வாய்ப்பும் கூடும். சுமார் 4 மில்லிமீற்றரைத் தாண்டினால் கழுத்தையும் சேர்த்துச் செய்வது பரவலான வழக்கம். புற்றுநோய் நிலைகளை வகுக்கும் சர்வதேச முறையின் எட்டாம் பதிப்பில் வாய்ப்புற்றுநோய்க்கு இந்த ஆழம் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது. புதிதாக வரும் எந்தப் புரதக் குறிகாட்டியும், இந்த மில்லிமீற்றர் கணக்கு ஏற்கெனவே சொல்வதற்கு மேலே ஏதாவது சொல்கிறதா என்று நிரூபிக்க வேண்டும். ஆழத்தை மட்டும் பார்த்தே அதே பதில் கிடைக்குமானால் விலை கூடிய பரிசோதனை எதற்கு?

இப்போது கையில் ரிப்போர்ட் இருப்பவர்களுக்கு

மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக் கிளினிக்கில் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படிக்காதவர் யார்? படிப்பதானால், நெறியைப் பற்றிய கேள்விக்கு உதவுகிற இடங்கள் சில உண்டு. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ரிப்போர்ட்டில் ஊடுருவல் ஆழம் மில்லிமீற்றரில் இருக்கும். நிணநீர், குருதிக் குழாய்களுக்குள் புற்றுநோய்க் கலங்கள் தெரிந்தனவா என்று ஒரு வரி இருக்கும். நரம்பை ஒட்டிப் பரவியிருக்கிறதா என்றும் எழுதியிருப்பார்கள். கழுத்தும் செய்திருந்தால் 0/24 போல ஒரு பின்னம் வரும். கீழ் எண் பார்க்கப்பட்ட கணுக்கள், மேல் எண் நோய் இருந்த கணுக்கள். கழுத்துக் கணுக்களை முறையாக எடுத்திருந்தால் கீழ் எண் 18க்குக் குறையாமல் இருப்பதை நல்ல அளவாகக் கொள்கிறார்கள். மேல் எண் பூச்சியமில்லை என்றால், நோய் கணுவின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கதிர்வீச்சோடு கீமோவும் வேண்டுமா என்ற பேச்சு அதில் இருந்துதான் தொடங்கும்.

பயொப்சி எடுத்தால் கலைந்து பரவிவிடும் என்று சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். அவருக்கு மரியாதையாகத் தேநீர் கொடுத்துவிட்டு பயொப்சிக்குப் போங்கள். வாய்ப் புண்ணில் நேரம் கடத்துவதுதான் பரவ விடுகிறது. அதே போல, கழுத்துக்குப் போயிருக்கிறதா என்று அறிய வெளியே காசு கட்டிக் குருதி மார்க்கர் தொகுப்பு எடுக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லாது. அதற்குப் பதிலாக ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: "டொக்டர், ஆழம் எத்தனை மில்லிமீற்றர்? கழுத்தையும் சேர்த்துச் செய்யவேணுமா? செய்யாமல் விட்டால் எத்தனை கிழமைக்கு ஒருக்கா வந்து காட்டவேணும்?"